புளிப்பும் வாசனையும்: வீட்டிலுள்ள அமிலங்களையும் எஸ்டர்களையும் அறிந்து பயன்படுத்துவோம்
மூத்தோருக்கான சுகாதாரக் கையேடு

உங்கள் வீட்டில் வினிகர் இருக்கும். புளி, எலுமிச்சை, தயிர் இருக்கும். மருந்துப் பெட்டியில் ஆஸ்பிரின் மாத்திரையும் தலைமாட்டில் ஒரு தைலக் குப்பியும் இருக்கும். அடுப்பருகே சமையல் எண்ணெய், குளியலறையில் சவர்க்காரம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரிந்தாலும் வேதியியல் கண்ணில் இவை அனைத்தும் உறவுக்காரர்கள். சில கார்பாக்சிலிக் அமிலங்கள். மற்றவை அந்த அமிலங்களிலிருந்து உண்டாகும் எஸ்டர்கள், உப்புகள்.

இவற்றில் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. ஆனால் அளவு தவறினாலும், கலக்கக்கூடாததோடு கலந்தாலும், தவறான குப்பியில் ஊற்றி வைத்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதில் கவனம் தேவை என்பதும் தானாகவே விளங்கும்.

கார்பாக்சிலிக் அமிலம் என்றால் என்ன?

பெயர் நீளமாக இருந்தாலும் பொருள் எளிது. ஒரு கார்பன் அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் குறிப்பிட்ட விதத்தில் இணைந்திருக்கும் சிறு கூட்டத்தைக் கார்பாக்சில் தொகுதி என்பார்கள். இந்தத் தொகுதி எந்தப் பொருளில் இருக்கிறதோ அது கார்பாக்சிலிக் அமிலம். தண்ணீரில் கரையும்போது அந்த ஹைட்ரஜனை அது விட்டுக்கொடுக்கும். நாக்கு அதைத்தான் புளிப்பு என்று உணர்கிறது.

சில அமிலங்களும் அவை இருக்கும் இடங்களும்:

• அசிட்டிக் அமிலம்: வினிகர்
• லாக்டிக் அமிலம்: தயிர், மோர், புளித்த தோசை மாவு
• சிட்ரிக் அமிலம்: எலுமிச்சை, ஆரஞ்சு
• டார்டாரிக் அமிலம்: புளி
• ஆக்சாலிக் அமிலம்: சில கீரைகள், நட்சத்திரப் பழம்
• பார்மிக் அமிலம்: எறும்பு, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்
• சாலிசிலிக் அமிலம்: கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டர்

இவை பொதுவாக வலுக்குறைந்த அமிலங்கள். பேட்டரியில் ஊற்றும் கந்தக அமிலத்தோடு ஒப்பிட்டால் இவை மென்மையானவைதான். ஆனால் 'வலுக்குறைந்த' என்பதற்கு 'தீங்கில்லாத' என்று பொருளில்லை. செறிவு கூடினால் இவையும் தோலையும் தொண்டையையும் அரித்துவிடும். அதற்குச் சரியான எடுத்துக்காட்டு, உங்களில் பலர் கையாண்டு பழகிய ஒன்றுதான்.

ரப்பர் தோட்டத்து ஆசிட்

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். விடியுமுன் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய் எடை போடுவார்கள். பிறகு பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றுவார்கள். சற்று நேரத்தில் பால் கட்டியாகிவிடும். அதை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் காய வைப்பார்கள். அந்த ஆசிட்தான் பார்மிக் அமிலம். மலாய்மொழியில் இதை 'சூக்கா கெத்தா', அதாவது 'ரப்பர் வினிகர்' என்பார்கள்.

பார்மிக் என்ற பெயர், எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பான கெரெங்கா கடித்துவிட்டுப் பீய்ச்சும் நீரில் இருப்பதும் இதே அமிலம்தான். கடிபட்ட இடம் எரிவதற்கு அது காரணம்.

பால் ஏன் உறைகிறது? ரப்பர் பாலில் மிதக்கும் நுண்ணிய துகள்களைச் சுற்றிப் புரதம் போர்த்தியிருக்கும். அத்துகள்கள் அனைத்தும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். அமிலம் சேர்ந்தவுடன் அந்த மின்னேற்றம் தணிகிறது. தள்ளும் விசை இல்லாததால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. பசும்பாலில் உறைமோர் ஊற்றினால் தயிராவதும் ஏறக்குறைய இதே முறையில்தான். அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலம்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நம் வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் சுவரும் புரதத்தால் ஆனது. கடையில் விற்கும் பார்மிக் அமிலத்தின் செறிவு 85 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கலாம். அதை ஒரு வாய் விழுங்கினால், ரப்பர் பாலுக்கு நேர்ந்தது அந்தச் சுவருக்கும் நேரும். திசு வெந்து கட்டியாகிப் புண்ணாகும். அமிலம் இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் சிதையும், சிறுநீரகமும் பழுதாகலாம். உயிர் பிழைத்தாலும் உணவுக்குழாய் சுருங்கி, வாழ்நாள் முழுவதும் விழுங்கச் சிரமப்பட நேரிடும்.

இத்தகைய விபத்துகளில் அடிக்கடி காணப்படும் காரணம் ஒன்றுதான்: ஆசிட்டைத் தண்ணீர்ப் போத்தலிலோ பழச்சாற்றுப் போத்தலிலோ ஊற்றி வைப்பது. நிறமற்ற அந்தத் திரவம் பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தோடு வரும் முதியவருக்கோ, விளையாடிவிட்டு வரும் பேரப்பிள்ளைக்கோ வேறுபாடு தெரியாது.

செய்ய வேண்டியவை:

• ஆசிட்டை அது வந்த குப்பியிலேயே, பெயர்ச்சீட்டு கிழியாமல் வையுங்கள்.
• குடிக்கும் போத்தலில் எந்த இரசாயனத்தையும் ஊற்றாதீர்கள். 'இன்று ஒரு நாளைக்குத்தானே' என்றும் ஊற்றாதீர்கள்.
• சமையலறைக்கு வெளியே, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.
• நீர் சேர்க்க வேண்டுமானால், தண்ணீரில் ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள். ஆசிட்டின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.
• பயன்பாடு இல்லையென்றால் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

சமையலறையில் உள்ள வினிகரும் புளியும்

சமையலுக்கான வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 விழுக்காடு அளவே இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். இந்த அளவில் ஊறுகாய்க்கும் அச்சாருக்கும் அது பாதுகாப்பானது. உணவைக் கெடுக்கும் பல நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் வளர முடியாது. அதனால்தான் ஊறுகாய் நீண்டநாள் கெடாமல் இருக்கிறது. ஆனால் ஊறுகாயில் உப்பும் அதிகம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வினிகரைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, வினிகரையும் பிளீச் எனப்படும் வெளுப்பு நீரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். இரண்டும் சுத்தம் செய்பவைதானே, சேர்த்தால் இன்னும் நன்றாகச் சுத்தமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அமிலம் பட்டவுடன் வெளுப்பு நீரிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அதைச் சுவாசித்தால் கண் எரியும், இருமல் வரும், மூச்சுத் திணறும். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இது மிக ஆபத்து. தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்து காற்றோட்டமான இடத்திற்குச் செல்லுங்கள்.

இரண்டாவது, வினிகரைத் தோலில் வைத்துக் கட்டாதீர்கள். மரு, படை, சேற்றுப்புண் ஆகியவற்றுக்கு வினிகரில் நனைத்த துணியை இரவு முழுவதும் கட்டி வைப்பதுண்டு. உணவில் சேர்க்கும் வினிகர்கூட அத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் தோலைப் புண்ணாக்கும்.

மூன்றாவது, வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ நீர் சேர்க்காமல் குடிக்காதீர்கள். புளிப்பு பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். அப்போது பல் மேற்பரப்பு மென்மையாகியிருக்கும் என்பதால் உடனே பல் துலக்குவதும் தவறு. வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

புளியைக் கொண்டு குத்துவிளக்கைத் தேய்த்தால் பளபளப்பது ஏன் என்று எண்ணியதுண்டா? புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், பித்தளையின்மேல் படிந்த கறையைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதே காரணத்தால்தான் புளிக்குழம்பு, ரசம், தயிர் போன்றவற்றை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்கக்கூடாது. கறை கரைவதுபோல் செம்பும் கரைந்து உணவில் கலக்கும். வயிற்றுவலியும் வாந்தியும் வரலாம். எவர்சில்வர், மண், கண்ணாடிப் பாத்திரங்கள் நல்லவை.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் கவனிக்க: நட்சத்திரப் பழம்

நம் நாட்டில் பெலிம்பிங் என்ற பெயரில் எளிதாகக் கிடைக்கும் நட்சத்திரப் பழம், நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு மிதமான அளவில் சாதாரணப் பழம்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நஞ்சு.

இப்பழத்தில் ஆக்சாலிக் அமிலம் நிறைய உண்டு. அதோடு, காரம்பாக்சின் என்னும் நரம்பு நச்சும் உண்டு. 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் இதைப் பிரித்தறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் இவற்றைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது. நச்சு இரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்கும். டயாலிசிஸ் செய்பவர்களில் ஒரு பழமோ ஒரு கிளாஸ் சாறோ உட்கொண்டவர்களே உயிரிழந்ததுண்டு.

முதலில் வரும் அறிகுறி பெரும்பாலும் நிற்காத விக்கல். பிறகு வாந்தி, தூக்கமின்மை, குழப்பமான பேச்சு, வலிப்பு. நட்சத்திரப் பழம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் விக்கல் தொடங்கினால், தண்ணீர் குடித்து அடக்கப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். உடனடி டயாலிசிஸ் உயிரைக் காக்கலாம்.

அதன் உறவான பெலிம்பிங் பூலோ என்னும் புளிப்புக்காயின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று நம்பி வெறும் வயிற்றில் குடிப்பவர்கள் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களுக்கே இதனால் திடீர்ச் சிறுநீரகப் பழுது ஏற்பட்டதாகக் கேரளத்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சம்பாலில் ஓரிரண்டு காய் சேர்ப்பது வேறு. கிளாஸ் கிளாஸாகச் சாறு குடிப்பது வேறு.

நீரிழிவு எனப்படும் இனிப்பு நீர் நோய் பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். உங்கள் சிறுநீரகத்தின் நிலை தெரியாவிட்டால், அடுத்த முறை அரசாங்க கிளினிக்குக்குச் செல்லும்போது இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டறியுங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஆக்சாலிக் அமிலத்தின் அளவு குறையும்.

அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்தால் எஸ்டர்

இப்போது குடும்பத்தின் மற்றொரு கிளைக்கு வருவோம். கார்பாக்சிலிக் அமிலமும் ஒரு வகை ஆல்கஹாலும் சேர்ந்தால், ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி, மிச்சமிருப்பது எஸ்டர் ஆகிறது. புளிப்பு போய் வாசனை வரும். வாழைப்பழ மணத்திற்கு முக்கியக் காரணமான எஸ்டர் ஐசோஅமைல் அசிட்டேட். அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம்தான் அதன் தாய். அன்னாசி மணமுள்ள எத்தில் பியூட்டரேட்டின் தாய், கெட்டுப்போன வெண்ணெயில் நாறும் பியூட்டரிக் அமிலம். நாற்றமுள்ள அமிலத்திலிருந்து நறுமணமுள்ள எஸ்டர் பிறப்பது வேதியியலின் விந்தைகளில் ஒன்று.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். தண்ணீர் வெளியேறிச் சேர்ந்த இந்தப் பிணைப்பு, தண்ணீர் மீண்டும் புகுந்தால் பிரியும். எஸ்டர் உடைந்து பழையபடி அமிலமும் ஆல்கஹாலும் ஆகும். கீழே சொல்லப்படும் மாத்திரை, தைலம், எண்ணெய் ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரு விதி பொருந்தும்.

ஆஸ்பிரின்: வினிகர் வாசனை வந்தால் எறிந்துவிடுங்கள்

வில்லோ மரப்பட்டை வலியைத் தணிக்கும் என்பது பழங்காலம் முதலே தெரிந்த செய்தி. அதன் தொடர்பில் கிடைத்த சாலிசிலிக் அமிலம் காய்ச்சலைக் குறைத்தாலும் வயிற்றைக் கடுமையாகப் புண்படுத்தியது. 1897இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாப்மன் என்ற வேதியியலாளர் சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் தொகுதியை இணைத்துத் தூய்மையான மருந்தாக்கினார். 1899இல் ஆஸ்பிரின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஆஸ்பிரின் ஓர் எஸ்டர்.

இன்று முதியவர்கள் பலர் மாரடைப்போ பக்கவாதமோ மீண்டும் வராமலிருக்க, மருத்துவர் சொன்னபடி குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். அது செய்யும் வேலை இது. இரத்தத் தட்டுகள் என்னும் நுண்ணணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் இரத்தம் உறையும். ஆஸ்பிரின் தன்னிடமுள்ள அசிட்டைல் தொகுதியைத் தட்டுகளில் உள்ள ஒரு நொதியின்மேல் ஏற்றி விட்டுவிடுகிறது. அந்தத் தட்டு தன் வாழ்நாள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாள் வரை, சரிவர ஒட்டாது. மாத்திரை உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் போய்விட்டாலும் அதன் வேலை நாட்கணக்கில் நீடிப்பது இதனால்தான்.

இதிலிருந்து சில பாடங்கள்:

• பல் பிடுங்குவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் முன், ஆஸ்பிரின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். 'நேற்று சாப்பிடவில்லை' என்பது போதாது. நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் மாரடைப்பு அபாயம் கூடும்.
• பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்பதற்காக நீங்களாகத் தொடங்க வேண்டாம். வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படலாம். மலம் தார்போல் கறுத்துப்போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.
• வயிற்றைக் காப்பதற்கென மேற்பூச்சு பூசிய மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிட வேண்டாம்.
• டிங்கிக் காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தால் வலிக்காகவோ காய்ச்சலுக்காகவோ ஆஸ்பிரின் சாப்பிடாதீர்கள். டிங்கியில் தட்டுகள் ஏற்கனவே குறைந்திருக்கும். இரத்தப்போக்கு ஏற்படும் அபாயம் உண்டு. இதயத்திற்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.
• 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உங்கள் ஆஸ்பிரினைக் கொடுக்காதீர்கள். கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்குறி வரலாம்.

அடுத்தது சேமிப்பு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் மாத்திரைக்குள் புகுந்தால் ஆஸ்பிரின் உடைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகும். குப்பியைத் திறந்தவுடன் வினிகர் வாசனை அடித்தால், மருந்து உடைந்துவிட்டது என்று பொருள். அது இதயத்தைக் காக்காது, வயிற்றைத்தான் புண்ணாக்கும். மாத்திரைகளைக் குளியலறையிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். அட்டையிலிருந்து எல்லா மாத்திரைகளையும் மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் மாத்திரைப் பெட்டியில் போடுங்கள். கெட்டுப்போன, மிச்சமான மருந்துகளை அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக்கின் மருந்துப் பிரிவில் திருப்பிக் கொடுக்கலாம்.

தைலக் குப்பி: மணக்கும் மருந்து, குடித்தால் நஞ்சு

மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் காற்றுப் பிடித்தலுக்கும் நாம் தடவும் பல தைலங்கள், களிம்புகள், ஒட்டும் பட்டைகள் ஆகியவற்றில் மெத்தில் சாலிசிலேட் என்னும் எஸ்டர் உண்டு. சாலிசிலிக் அமிலமும் மெத்தனாலும் சேர்ந்து உண்டானது அது. தைலத்தைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்தக் காரமான இனிய மணத்தில் இதற்குப் பெரும் பங்குண்டு.

எண்ணெய்த் தன்மை கொண்டதால் இது தோலுக்குள் எளிதாக நுழையும். உள்ளே சென்றதும், முன்பு சொன்ன விதிப்படி, உடைந்து சாலிசிலிக் அமிலமாகும். அதாவது, தோலில் தடவினாலும் ஆஸ்பிரின் வகை மருந்து ஒன்றை உடம்புக்குள் அனுப்புகிறீர்கள். சிறிதளவு தடவினால் கவலையில்லை. ஆனால்:

• வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், முதுகு, முழங்கால் என்று பெரிய பரப்பில் தினமும் தடவினால் மருந்தின் வீரியம் கூடி, இரத்தக்கசிவு ஏற்படலாம். காரணமின்றித் தோலில் கன்றிப்போனாலோ ஈறில் இரத்தம் வந்தாலோ மருத்துவரிடம் தைலத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 'அது மருந்தா, வெறும் தைலம்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.
• தடவிய இடத்தின்மேல் வெந்நீர்ப் பையோ சூடேற்றும் பட்டையோ வைக்காதீர்கள். இறுக்கமாகக் கட்டாதீர்கள். மருந்து அதிகமாக உள்ளே போவதோடு தோலும் வெந்துவிடும்.
• காயம், புண், சொறி உள்ள இடத்தில் தடவாதீர்கள்.
• ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தாளரிடம் கேட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

இனி மிக முக்கியமானது. வயிற்று உப்புசத்திற்காக வெந்நீரில் சில துளி தைலம் விட்டுக் குடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். கலப்பில்லாத மெத்தில் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் 20க்கும் மேற்பட்டவற்றுக்குச் சமம். அந்த அளவு ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். தைலத்தில் இது கலந்தே இருக்கும் என்றாலும், குப்பிக்குக் குப்பி அளவு வேறுபடும்.

தலையணையருகே மூடி தளர்ந்து கிடக்கும் தைலக் குப்பி, தவழும் குழந்தைக்கு மிட்டாய் மணமுள்ள ஒரு விளையாட்டுப் பொருள். பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாளில் மட்டுமல்ல, எந்த நாளும் அதை உயரமான இடத்தில் வையுங்கள். சளிக்காகக் கைக்குழந்தையின் மூக்கருகே தைலம் தடவுவதும் வேண்டாம். அதிலுள்ள மெந்தால், கற்பூரம் ஆகியவை குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம்.

தைலம் வாங்கும்போது 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் குப்பியிலோ பெட்டியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். சுகாதார அமைச்சின்கீழ் பதிவு செய்யப்பட்ட மருந்துக்கு அது அடையாளம். எழுத்து சிறியதாக இருந்தால் பிள்ளைகளிடமோ மருந்தாளரிடமோ காட்டி, மெத்தில் சாலிசிலேட் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

கால் ஆணி பிளாஸ்டரும் நீரிழிவும்

கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்டரில் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் இருக்கும். செறிவு 40 விழுக்காடு வரைகூட இருக்கலாம். தடித்த தோலைக் கரைத்து உதிர வைப்பதுதான் அதன் வேலை. தடித்த தோல் எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. எரிச்சல் தொடங்கியதும் நாம்தான் எடுத்துவிட வேண்டும்.

நீரிழிவு நோயாளி பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். எரிச்சல் தெரியாது. பிளாஸ்டர் நல்ல தோலையும் அரித்துக் குழியாக்கும். இரத்தவோட்டம் குறைந்த பாதத்தில் அந்தப் புண் ஆறாது. சின்னக் கால் ஆணியில் தொடங்கி, விரலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போகலாம். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் இப்பிளாஸ்டரை ஒட்டவே கூடாது. பிளேடால் சீவவும் கூடாது. கிளினிக்கில் தாதியிடமோ மருத்துவரிடமோ பாதத்தைக் காட்டுங்கள்.

எண்ணெயும் நெய்யும்கூட எஸ்டர்களே

செம்பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் அனைத்தும் எஸ்டர்கள்தான். கிளிசரால் என்னும் ஆல்கஹாலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கைகோத்து நிற்கும் அமைப்பு இது. மூன்று என்பதால் டிரைகிளிசரைடு என்று பெயர். இரத்தப் பரிசோதனைத் தாளில் நீங்கள் பார்க்கும் அதே சொல்தான்.

உணவு உண்ணாமல் எடுத்த இரத்தத்தில் இது லிட்டருக்கு 1.7 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது நல்லது. 10ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு. 'நான் எண்ணெயே சேர்ப்பதில்லை, எப்படிக் கூடியது?' என்று பலர் கேட்கிறார்கள். தேவைக்கு மேல் சாப்பிடும் சர்க்கரையையும் சோற்றையும் கல்லீரல் கொழுப்பு அமிலமாக்கி, டிரைகிளிசரைடாகக் கட்டிவிடும். மதுவும் அதைக் கூட்டும். ஆகவே தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப் பாலையும் கணக்கில் சேருங்கள்.

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்கினால் என்ன ஆகும்? வடை மாவிலும் மீனிலும் உள்ள தண்ணீர் சூட்டில் எண்ணெயைத் தாக்கும். எஸ்டர் உடைந்து கொழுப்பு அமிலங்கள் தனியே பிரியும். எண்ணெய் சீக்கிரம் புகையும், சிக்கு வாடை வரும், நிறம் கறுக்கும், நுரைக்கும். கூடவே காற்றும் சேர்ந்து உடம்புக்கு ஆகாத பொருள்களை உண்டாக்கும். இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் அந்த எண்ணெயைக் கைவிடுங்கள். கைகழுவும் தொட்டியில் ஊற்றாமல், ஆறிய பிறகு போத்தலில் சேர்த்து வையுங்கள்.

பழைய எண்ணெயைக் கொண்டு சவர்க்காரம் செய்வதும் இந்த எஸ்டர் உடையும் வேலைதான். காரம் எண்ணெயை உடைத்து, கொழுப்பு அமிலத்தின் உப்பாக்குகிறது. அந்த உப்புதான் சவர்க்காரம். அதற்குப் பயன்படும் காஸ்டிக் சோடா கண்ணையும் தோலையும் அரிக்கும். தெரிந்தவர் மேற்பார்வையின்றி வீட்டில் முயல வேண்டாம்.

விபத்து நேர்ந்தால்

அமிலத்தையோ தைலத்தையோ விழுங்கிவிட்டால்:
1. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது அரித்த அமிலம், வெளியே வரும்போதும் அரிக்கும். தைலமாக இருந்தால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.
2. உப்புநீர், முட்டை, எண்ணெய், சோடா மாவு எதுவும் கொடுக்காதீர்கள்.
3. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.
4. 999க்கு அழையுங்கள். குப்பியையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.
5. இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். காதில் இரைச்சல், வேகமான மூச்சு, வாந்தி, மயக்கம் ஆகியவை சற்றுத் தாமதித்தும் வரலாம்.

தோலில் பட்டால்: நனைந்த உடையைக் களைந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள்.

கண்ணில் பட்டால்: இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்ப்பால், பன்னீர் எதுவும் விட வேண்டாம்.

ஆலோசனைக்கு: பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம், 1-800-88-8099. தொடர்பு கிடைக்காவிட்டால் நேரே 999.

இந்த வாரமே செய்யுங்கள்

□ குடிக்கும் போத்தலில் ஊற்றிய இரசாயனம் ஏதும் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்தேன்.
□ வெளுப்பு நீரையும் வினிகரையும் தனித்தனி இடத்தில் வைத்தேன்.
□ ஆஸ்பிரின் குப்பியை முகர்ந்து பார்த்தேன், காலாவதித் தேதியையும் பார்த்தேன்.
□ தைலக் குப்பியை உயரத்தில் வைத்தேன்.
□ நான் சாப்பிடும் மருந்துகளோடு, தடவும் தைலத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன்.
□ என் சிறுநீரகத்தின் நிலையை அடுத்த சந்திப்பில் கேட்பதாகக் குறித்துக்கொண்டேன்.

அந்தத் தாளை அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள். மருந்தாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்வது அவர்களின் பணி.

இக்கையேட்டைப் படித்து முடித்தபின், கண்பார்வை மங்கிய உங்கள் நண்பருக்கோ உறவினருக்கோ வாசித்துக் காட்டுங்கள்.